மலை தெரியாத வரைபடம்

எந்திரம் போட்ட கணக்கு – 17

1987இல் தென்மேற்குப் பருவமழை நாட்டையே கைவிட்டது. கடந்த நூற்றாண்டின் மோசமான வறட்சிகளில் அதுவும் ஒன்று. மழை வருமா வராதா என்பதைவிட, எப்போது வரும், வந்தால் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் விதையைக் கையில் வைத்திருப்பவனுக்கு முக்கியம். 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறைக்கு அன்று ஓரிரு நாள் முன்னறிவிப்பு கைவந்த கலையாக இருந்தது. மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரையிலான இடைக்கால முன்னறிவிப்புக்கு அனுபவம் மட்டும் போதாது, கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் எந்திரம் நம்மிடம் இல்லை.

வானிலையைக் கணக்காகப் போட முடியும் என்று முதலில் துணிந்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கிய நேரம் போகக் கிடைத்த இடைவெளிகளில், 1910 மே 20 அன்று மத்திய ஐரோப்பாவில் காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் எப்படி மாறியிருக்கும் என்பதைக் கையாலேயே கணக்கிட்டார். வாரக்கணக்கில் உழைத்து வந்த விடை, அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 1922இல் வெளியிட்ட நூலில் அந்தத் தவறான விடையை மறைக்காமல் அச்சிட்டார். ஒரு பெரிய மண்டபத்தில் 64,000 பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு நிலப்பகுதியின் கணக்கைப் போட்டால் வானிலையோடு ஈடுகொடுத்து ஓடலாம் என்று எழுதியதும் அதே நூலில்தான். இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர் கூடங்கள் எல்லாம் அந்த மண்டபத்தின் வாரிசுகள் என்பேன். 1950இல் அமெரிக்காவின் எனியாக் கணினியில் முதல் வெற்றி கிடைத்தது. ஆனால் ஒரு நாள் முன்னறிவிப்பைக் கணக்கிட்டு முடிக்க ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஆனது.

1980களில் உலகின் வேகமான எந்திரங்கள் அமெரிக்காவின் கிரே நிறுவனத்திடம் இருந்தன. இந்தியா கேட்டது. அமெரிக்கா தயங்கியது. 1974இல் பொக்ரானில் அணுகுண்டு சோதித்த நாடு, சோவியத் யூனியனுக்கு நெருங்கிய நாடு. வானிலைக்கு என்று வாங்கி வேறு கணக்குக்குத் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. இழுபறிப் பேச்சுகளுக்குப் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்ட இரட்டைச் செயலி கொண்ட எக்ஸ்-எம்பி 24 கிடைக்கவில்லை. வானிலைக்கு மட்டும், ஒற்றைச் செயலி கொண்ட எக்ஸ்-எம்பி 14, பயன்பாட்டைக் கண்காணிக்கும் நிபந்தனைகளோடு தரப்பட்டது. மறுக்கப்பட்ட எந்திரத்தின் கதையைத்தான், புனேயில் சி-டாக் பிறந்து பரம் 8000 உருவான கதையாகச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், வந்து சேர்ந்த எந்திரத்தின் கதை. நம் நூல்களில் இதற்குக் கிடைத்த இடம் குறைவு. வயிற்றுப்பாட்டோடு ஒட்டிய கதை என்பதால் எனக்கு இதுதான் நெருக்கமானது.

1988இல் தேசிய இடைக்கால வானிலை முன்னறிவிப்பு மையம் அமைக்கப்பட்டது. 1989இல் டெல்லி லோதி சாலை மௌசம் பவனில் கிரே இயங்கத் தொடங்கியது. வளைவாக நிற்கும் தூண்கள், அவற்றின் அடியைச் சுற்றி மெத்தை தைத்த இருக்கை, அந்த இருக்கைக்குள் மின்வழங்கிகள் என்பது கிரே எந்திரங்களின் வடிவம். சூட்டைத் தணிக்கக் குளிர்பதன திரவம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 20 கோடிக்கும் சற்று அதிகமான கணக்குகளைப் போடும். இன்று சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அதை எளிதாக மிஞ்சும். அன்றோ, நாடுகள் பேச்சு நடத்தி வாங்க வேண்டிய பொருள் அது.

அதே 1989இல்தான், செப்டம்பர் 30 அன்று, வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. டெல்லி எந்திரத்துக்கு இந்தப் புது மாவட்டம் தெரியாது. அண்ணாமலையார் மலையும் தெரியாது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தினமும் இந்திய நேரம் காலை 5.30க்கும் மாலை 5.30க்கும் உலகெங்கும் ஒரே நேரக் கணக்கில் பலூன்கள் மேலே போகின்றன. நம் பக்கத்தில் சென்னையிலும் காரைக்காலிலும் விடுகிறார்கள். பலூனில் தொங்கும் சிறு பெட்டி வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அனுப்பியபடியே ஏறும். அது போகும் போக்கிலிருந்து காற்றின் வேகமும் திசையும் தெரியும். கப்பல், விமானம், செயற்கைக்கோள் எல்லாம் தம் பங்குக்கு அளவுகளைத் தருகின்றன. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே வளிமண்டலத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, இந்த அளவுகளை அவற்றில் நிரப்புகிறார்கள். பிறகு ஒரு கட்டத்தின் காற்று அடுத்த கட்டத்துக்குப் போவதைச் சில நிமிடம் சில நிமிடமாக நகர்த்தி, பத்து நாள் வரை கணக்கிடுகிறார்கள்.

ஒரு கட்டத்துக்குள் நிலத்துக்கு ஒரே உயரம், மழைக்கு ஒரே அளவு. எல்லாம் சராசரி. 1990களில் டெல்லி மையத்தில் ஓடிய டி-80 மாதிரியில் கட்டத்தின் பக்கம் சுமார் 150 கிலோமீட்டர். திருவண்ணாமலை மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்கு பரப்பு ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். கடற்கரையின் உப்பளமும் ஜவ்வாது மலையின் சாமைக் கொல்லையும் அங்கே ஒரே தரை. 2,668 அடி உயர அண்ணாமலை, சராசரியில் தட்டையாகி மறைந்துவிடும்.

முன்னறிவிப்பும் அதற்கேற்றபடியே இருந்தது. 1991 முதல் அந்த மையம் உழவர்களுக்கான ஆலோசனைகளைத் தரத் தொடங்கியது. நாட்டை 127 வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம், கடலூர் எல்லாம் வடகிழக்கு மண்டலம் என்ற ஒரே பெயரில் வந்தன. செங்கம் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவருக்கும் கடலூர்க் கடலோரத்தில் நெல் நட்டவருக்கும் ஒரே சேதி. மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு வந்தது 2008இல்தான்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் என்ன? அங்கேதான் சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கட்டம் சிறுத்தால் நேரத்தையும் பாதியாக நறுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு சிதறிவிடும். ஆக எட்டு மடங்கு வேலை. 150 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டருக்கு வர வேண்டுமானால் 15,000 மடங்குக்கும் மேல். அதுவும் ஒரு தடவை ஓட்டுவதற்கான கணக்குதான்; தொடக்க அளவுகளைச் சற்றுச் சற்று மாற்றி இருபது தடவை ஓட்டிப் பார்த்தால்தான் விடையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

கிரேயை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நம்மவர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்தபோது, யு.என். சின்கா தலைமையில் 1986இல் ஃபுளோசால்வர் என்ற இணைக்கணினி முயற்சி தொடங்கியிருந்தது. விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிட உருவான எந்திரம் அது. காற்று எங்கே ஓடினாலும் சமன்பாடுகள் ஒரே குடும்பம்தானே. ஒற்றைச் செயலிக்காக எழுதப்பட்ட டி-80 நிரலைத் துண்டுகளாக்கி, பல செயலிகள் பங்கிட்டுக்கொள்ளும்படி 1990களின் தொடக்கத்தில் அதில் ஓட்டிக் காட்டினார்கள். விலைக்கு வாங்கிய எந்திரத்தைவிட இந்த உழைப்பை நான் உயர்வாக மதிக்கிறேன். எந்திரம் பழசாகும். நிரலைப் பிரித்து மேயக் கற்ற ஆட்கள் நாட்டுக்கு மிஞ்சுவார்கள்.

பிறகு கட்டங்கள் சுருங்கின. 2007இல் 50 கிலோமீட்டர், 2010க்குப் பின் 23, 2016-17இல் 12. 2018 ஜனவரியில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என்ற இரு எந்திரங்களும் சேர்ந்து 6.8 பெட்டாஃப்ளாப்ஸ் வேகத்துடன் வந்தன. 2015இல் ரூ.4,500 கோடியில் அறிவிக்கப்பட்ட தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின் வழியாகக் கல்வி நிறுவனங்களுக்கும் எந்திரங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, தமிழ்நாட்டில் திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள். 838 டெராஃப்ளாப்ஸ், அன்றைய டெல்லி கிரேயைப் போல 35 லட்சம் மடங்குக்கு மேல். ஏராளமான பாகங்கள் இங்கேயே செய்து பூட்டியவை, இயக்கும் மென்பொருள் சி-டாக் எழுதியது.

2024 நவம்பர் கடைசியில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் நகர்ந்து வந்தது. புயலாக வலுக்காது என்றிருந்த கணிப்பு 29ஆம் தேதி மாறி, ஃபெஞ்சல் என்று பெயர் வைக்கப்பட்டது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை ஏறியது. வழக்கமாகக் கரை ஏறிய புயல் விறுவிறுவென்று வலுவிழந்து நகரும். இது அடுத்த நாள் புதுச்சேரிப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அதற்கு அடுத்த நாள் உள்ளே தள்ளி ஊத்தங்கரையில் அதே அளவு. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளக்காடானது.

புயல் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கணினி மாதிரிகள் இன்று பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகின்றன. எங்கே நிற்கும், நின்ற இடத்தில் மழைப்பட்டை எந்த வட்டத்தின் மேல் தங்கும் என்பதுதான் அவற்றுக்கு இன்னும் கடினம். 12 கிலோமீட்டர்க் கட்டத்தில் அண்ணாமலையும் அதைச் சுற்றிய ஊரும் ஏரிகளும் வயல்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

டிசம்பர் 1 மாலை மலையின் சரிவு இளகியது. பெரும் பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் வீடுகளின் மேல் இறங்கின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சேறும் பாறையும் மறுபடி சரியக்கூடும் என்ற ஆபத்துக்கு நடுவே மீட்புப் படையினர் நாள்கணக்கில் தோண்ட வேண்டியிருந்தது. டிசம்பர் 13 அன்று மகாதீபம் ஏற்றியபோது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

ஆறு மாதம் கழித்து, 2025 மே 26 அன்று பாரத் முன்னறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. புனேயில் உருவான இந்த மாதிரியின் கட்டம் 6 கிலோமீட்டர். அதை ஓட்டுவது அர்கா என்ற 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் எந்திரம், கிரேயைப் போல சுமார் 5 கோடி மடங்கு வேகம். பிரத்யுஷுக்குப் பத்து மணி நேரம் பிடித்த கணக்கை அர்கா நான்கு மணியில் முடிக்கிறது. காலை 5.30 அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு மாலையில் வந்தால் அன்றைய மழைக்கு அதனால் பயன் குறைவு. காலையிலேயே வந்துவிட்டால் ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த ஒரு பகல் கிடைக்கும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். குறுக்கே பார்த்தால் சுமார் நாலரை. அதாவது, மௌசம் பவனில் கிரே ஓடத் தொடங்கி 36 ஆண்டுகள் கழித்து, ஒரு கட்டம் ஏறக்குறைய நம் மலையின் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. இதை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன். ஆனாலும் ஒரு மலையை மலையாகக் கணக்கில் கொண்டுவர அதன் குறுக்கே நாலைந்து கட்டங்களாவது விழ வேண்டும். காற்று எந்த முகத்தில் மோதி மேலேறுகிறது, எந்தச் சரிவில் நீர் சேர்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். ஒரு கிலோமீட்டர் வரை கட்டம் சுருங்க, இன்றைய வேலையைப் போல இருநூறு மடங்கு வேண்டும்.

மழையைச் சரியாகச் சொன்னாலும், மண் எப்போது இளகும் என்பது தனிக் கணக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் திறந்தது. டார்ஜிலிங், காலிம்போங் மாவட்டங்களுக்கும் நம் நீலகிரிக்கும் மழைக்கால அறிக்கை வெளியிடத் தொடங்கினார்கள். அந்த முதல் பட்டியலில் திருவண்ணாமலை இல்லை. சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மலையின் மேலும் இடுப்பிலும் தானியங்கி மழைமானிகள், சரிவுகளில் மண்ணின் ஈரத்தைக் காட்டும் கருவிகள், 2024 டிசம்பரில் சரிந்த இடங்களின் அளவெடுத்த வரைபடம் ஆகியவை அதற்கு வேண்டும். அர்காவுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு மிகச் சிறிது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வைத்து முடித்துவிடலாம்.

(தொடரும்)