ஷ்பேரின் குறியீட்டெண் எதை அளந்தது?

1942 பிப்ரவரி 8 அன்று ஃபிரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்ததும் ஆல்பெர்ட் ஷ்பேர் ஜெர்மனியின் படைக்கல அமைச்சரானார். அவ்வாண்டின் ஜனவரி, பிப்ரவரி மாதச் சராசரியை 100 எனக் கொண்டு, அவரது அமைச்சகத்தின் புள்ளியியலாளர் ரோல்ஃப் வாகன்ஃபியூர் தொகுத்த உற்பத்திக் குறியீட்டெண் 1944 ஜூலையில் 322ஐத் தொட்டது. ஜெர்மானியச் சமூகம் 1942 வரை முழுப் போருக்குத் திரட்டப்படவே இல்லை என்ற நெடுநாளைய கருத்துக்கு இந்த எண்ணே பெரிய ஆதாரம். அந்தக் கருத்தின் சுமையை இந்தச் சான்று தாங்காது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குறியீட்டெண்ணைப் பொய்க் கணக்கு என்று நான் கூறவில்லை. டாங்கிகளும் விமானங்களும் பெருகியது உண்மை. எனினும் அது எண்ணுவது தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெளிவந்த ஆயுதத்தை மட்டுமே. அதற்கு முன் எழுப்பிய கட்டடமும், வாங்கிப் பூட்டிய எந்திரமும், பழக்கிய தொழிலாளரும் அதில் இடம்பெறுவதில்லை. 1942 பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையே அது பாதிக்கு மேல் உயர்ந்தது. ஐந்து மாதத்தில் எந்த அமைச்சராலும் ஆலைகளைக் கட்டி எழுப்ப முடியாது. அந்த விளைச்சலுக்கான விதைப்பு டோட் காலத்திலும் அதற்கு முன்னும் நடந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் சங்க்ட் வாலன்டீனில் எழுந்த நிபெலுங்கன் டாங்கி ஆலை இதற்குத் தெளிவான சான்று. அதன் கட்டுமானம் போரின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. நான்காம் வகைப் பான்சர்களை அது பெருவாரியாகத் தந்ததோ ஷ்பேர் காலத்தில்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். இதே தொடரில் 1940இன் சராசரி 97, 1941இன் சராசரி 98. அப்படியானால் தொடக்க மாதங்கள் வேண்டுமென்றே தேர்ந்த தாழ்புள்ளி ஆகா; ஈராண்டுத் தேக்கம் மெய் என்று வாதிடலாம். ஆனால் அந்தச் சமதளத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பிரான்ஸ் வீழ்ந்ததும் கையிருப்பு மிகுந்த தரைப்படைக் குண்டுகளின் உற்பத்தி திட்டமிட்டே வெட்டப்பட்டது. 1941 ஜூலையில் ஹிட்லர் முன்னுரிமையை விமானப்படைக்கும் கடற்படைக்கும் மாற்றினார். அப்போது கைகூடாதிருந்த கிழக்கு வெற்றியை நம்பி எடுத்த முடிவு அது. குண்டு குறைந்ததால் மொத்த எண் தேங்கியது. அதே வேளையில் முதலீடு ஓடிக்கொண்டிருந்தது. தேக்கத்தை மெத்தனத்தின் அடையாளமாகக் கொள்வது, கையிருப்பையும் திறனையும் ஒன்றாகக் குழப்புவதாகும்.

பெருமை யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. குறியீட்டெண்ணில் பெரும்பங்கு பெற்ற விமான உற்பத்தி 1944 வரை எர்ஹார்ட் மில்ஹின் பொறுப்பில் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அமைந்த போர்விமானப் பணிக்குழு வழியாகத்தான் ஷ்பேரின் கை அங்கு நீண்டது. கடற்படைக் கட்டுமானம் 1943இன் நடுவில் வந்து சேர்ந்தது. எனவே, அவருடைய ஆட்சிப் பரப்புக்கு வெளியே விளைந்ததும் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. 1945 மே மாதம் ஃபிளென்ஸ்பர்க்கில் நேச நாட்டு விசாரணையாளர்களிடம் அவர் விளக்கிய கதையை வரலாற்றாசிரியர்கள் இன்னும் கடுமையாகச் சோதித்திருக்கலாம்.

பெண்களை ஆலைக்கு அழைக்க ஆட்சி தயங்கியதே அரைமனத் திரட்டலுக்குச் சான்று என்பாரும் உளர். 1939இலேயே ஜெர்மானிய உழைப்பாளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். அவர்களுள் பெருந்தொகையினர் வயல்களில் உழைத்தவர்கள். குடிமக்களின் நுகர்வையும் ஆட்சி விட்டுவைக்கவில்லை: உணவுப் பங்கீடு போர் தொடங்கும் முன்பே, 1939 ஆகஸ்ட் இறுதியில் வந்துவிட்டது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடந்தர வேண்டியதில்லை.

குறியீட்டெண்ணில் உழைப்புக்கென ஒரு பத்தியே இல்லை என்பதுதான் எனக்கு மிகப் பெரிய குறை. 1942 மார்ச்சில் ஃபிரிட்ஸ் சௌக்கெல் உழைப்புத் திரட்டலின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1944 ஆகஸ்டில் ஜெர்மனியில் வேலைசெய்த அயல்நாட்டுக் குடிமக்களும் போர்க்கைதிகளும் சுமார் 76 லட்சம்; அவர்களுள் மிகப் பலர் போலந்திலிருந்தும் சோவியத் நிலங்களிலிருந்தும் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வதைமுகாம் கைதிகள் இந்தக் கணக்கில் சேராதவர்கள். மொத்த உழைப்பாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இவ்வாறு வந்தவர். நிர்வாகச் சீர்திருத்தம் எவ்வளவு சாதித்தது என்று மதிப்பிடுவதற்கு முன், மூன்று மடங்கு உயர்வில் இவர்களுடைய உழைப்பின் பங்கைப் பிரித்துக் கணக்கிட்டாக வேண்டும்.