பழைய சைக்கிளை வீட்டில் திருத்துவது: ஒரு கணக்காளரின் குறிப்புகள்

சென்ற பங்குனியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். வாசலில் வைத்த பெரிய இரும்புத் தொட்டிக்குள், பழைய மெத்தைகளுக்கு மேல், ஒரு பச்சை நிற ரலி சைக்கிள் கிடந்தது. வேலை செய்துகொண்டிருந்தவரிடம் எடுக்கலாமா என்று கேட்டேன். கொண்டு போ என்று கையைக் காட்டினார். ரயர் இரண்டும் வெடித்திருந்தன. செயின் துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. கடைக்கு உருட்டிக்கொண்டு போய் விலை கேட்டேன். 180 பவுண் வரும், அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்றார்கள். திரும்பவும் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். ஐந்து வார இறுதிகளில் அது ஓடத் தொடங்கியது. செலவு 83 பவுண்.

இதை எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். லண்டனிலும் வெளியூர்களிலும் புதிதாக வந்த எங்கள் பிள்ளைகள் பலர் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வேலை செய்ய அனுமதியும் இல்லாமல், வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைவான உதவிப் பணத்தில் இருக்கிறார்கள். சட்டத்தரணியிடம் போகவும் ஆங்கில வகுப்புக்குப் போகவும் பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு அவர்களுக்குச் சாப்பாட்டில் குறையும் காசு. இது முதலாவது காரணம். இரண்டாவது காரணம் என் சொந்தப் பிழை ஒன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. 90இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் போனபின் வைத்தியர், ஆசிரியர், மீன் வியாபாரி எல்லோரும் சைக்கிளில்தான். பற்றரியும் தடைப்பொருள். ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வயர் கொடுத்து வானொலிச் செய்தி கேட்டோம். 95 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது என் ஹாண்டிலில் இரண்டு பை, பாரில் அரிசி மூட்டை, கரியரில் அம்மா. அந்தச் சனத்துக்குள் ஓட இடமில்லை, கைதடி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். அன்றிரவு பின்சில்லு காற்றுப் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைப்பதுண்டு. போகவில்லை. முதல் நாள்தான் ஒட்டுப் போட்டிருந்தேன்.

எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய இரும்புச் சைக்கிள்தான் வீட்டில் திருத்த இலகுவானது. துருவுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது தோலோடு நிற்கும். பயப்பட வேண்டியது வளைவுக்கும் வெடிப்புக்கும். முன்பக்கம் எங்காவது மோதியிருந்தால் ஹாண்டில் குழாய்க்குப் பின்னால், மேல் பாரும் கீழ் பாரும் சேரும் இடத்துக்கு அடியில், பெயின்ற் சுருங்கியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். அப்படியானதை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

சந்தையிலோ இணையத்திலோ 20, 30 பவுணுக்கு வாங்குகிறவர்கள் சட்டக இலக்கத்தைப் பார்க்க வேண்டும். வழக்கமாக அது பெடல் அச்சுக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ரலிகளில் பெரும்பாலும் சீற் குழாயின் மேற்புறத்தில். பொலிஸார் பாவிக்கும் பைக் றெஜிஸ்ரர் என்ற இணையப் பதிவேட்டில் அந்த இலக்கத்தைக் கொடுத்துக் களவு போனதா என்று பார்க்கலாம். இலக்கம் அரத்தால் உரசப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். விசா முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளை களவுச் சைக்கிளோடு பிடிபடுவது 20 பவுணோடு முடிகிற விடயமல்ல.

ரயர் அளவு

காசு வீணாவது அதிகம் இங்கேதான். ரயரில் எழுதியிருக்கும் அங்குலக் கணக்கை நம்ப முடியாது. ஊரில் நாங்கள் ஓடிய பெரிய சைக்கிளின் ரயர் 28 x 1½. அதன் ரிம் அளவு 635 மில்லிமீற்றர். இங்கே இப்போது ஓடும் பெரும்பாலான சைக்கிள்களும் 28 என்றே சொல்லப்படுகின்றன, ஆனால் அவை 622. ஒன்று மற்றதில் ஏறாது. என் ரலி 26 x 1⅜, அதாவது 590. மலைச் சைக்கிளின் 26 என்பது 559. ஆகவே ரயரின் பக்கத்தில் 37-590 என்பது போல் இருக்கும் இரட்டை இலக்கத்தைப் பாருங்கள். முதலாவது ரயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இரண்டாவது அச்சொட்டாக ஒத்துப்போக வேண்டும். முதலாவது கொஞ்சம் கூடிக் குறையலாம்.

ரியூபில் ஒட்டுப் போடுவது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் பாதிப் பேர் அவசரப்படுகிறோம். ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் உரசி மினுக்கத்தை எடுக்க வேண்டும். சொலூசனை மெல்லிதாகப் பூசி, ஈரப் பளபளப்பு முழுவதும் போகும்வரை ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். காய்ந்த பிறகுதான் ஒட்டு. ஈரமாக ஒட்டினால் அது இரண்டு நாளில் கழன்றுவிடும். ரியூபைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். குத்தின கண்ணாடித் துண்டு அங்கேயே இருந்தால் துணியில் தடக்கும்.

செயினும் கிராங்கும்

செயின் தேய்மானத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 இணைப்புத் தள்ளி வரும் ஆணியின் நடுவரைக்கும் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பற்சில்லும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் துள்ளும். கணக்காளர் பாசையில் இது பெறுமானத் தேய்வு. நேரத்துக்கு 9 பவுண் செலவழிக்காவிட்டால் அது மூலதனத்தைத் தின்னத் தொடங்கும். செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறகு வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைகளுக்கு உள்ளே, வெளியே நிற்பது மண்ணைத்தான் பிடிக்கும்.

பெடல் கழற்றும்போது வலது பக்கம் வழக்கமான புரி, இடது பக்கம் எதிர்ப்புரி. ஸ்பனரை மேல்நோக்கி நிறுத்தி, பின்சில்லுப் பக்கம் தள்ளினால் இரண்டும் இளகும். இதை மனதில் வைத்தால் போதும்.

கிராங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்தான் என்னை ஒரு முழு ஞாயிறு வாட்டியது. நட்டை இளக்கிவிட்டு வெறுமனே அடித்தால் அடி முழுவதும் அச்சின் குண்டுகளுக்குப் போய் அவற்றின் பாதையைக் கெடுத்துவிடும். கிராங்குக்கு நேர் கீழே, நிலத்திலிருந்து ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். முதல் நாளிரவு ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். பிறகு நல்ல பாரமான சுத்தியலால் ஒரு அடி. பத்துச் சின்ன அடி பின்னின் தலையைப் பரப்பிவிடும், அதன்பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் துளைத்துத்தான் எடுத்தேன். புதுப் பின் போடும்போது ஒன்றின் நட்டு மேல்நோக்கி இருந்தால் மற்றதின் நட்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராங் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நில்லாது.

அச்சுக்குள் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலக் குண்டுகள் 11. மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிறீஸில் பதித்தேன். வலப்பக்கக் கிண்ணத்தைத் தொடவில்லை, அது எதிர்ப்புரி, அவசியமில்லாமல் கழற்றக்கூடாது. பழைய ரலியின் புரி அங்குலத்துக்கு 26. மற்ற ஆங்கிலச் சைக்கிள்களுக்கு 24. புதுப் பாகம் ஏறாது, ஆகவே பழைய கிண்ணங்களை எறிந்துவிடாதீர்கள்.

மூன்று கியர்

பின்சில்லின் நடுவில் ஸ்ரேமி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ என்று எழுதி, பக்கத்தில் 68 3 என்று இருந்தது. 1968 பங்குனியில் செய்தது என்று அர்த்தம். நொட்டிங்காமில் 1936இல் தொடங்கிய வடிவம், இன்றைக்கும் தாய்வானில் செய்கிறார்கள். இரண்டாவது கியர் நேரடி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வேகம் கூட, முதலாவது கால் பங்கு குறைவு. அதை நான் திறக்கவேயில்லை. நடுவிலுள்ள சின்ன மூடியால் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு, ஒரு நாள் வைத்துச் சுற்றினேன். ஐம்பது வருடத்துப் பொருள் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது.

கேபிளைச் சரிப்படுத்துவதில் மட்டும் கவனம் தேவை. இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் துளைக்குள் பாருங்கள். உள்ளே போகும் சிறு கம்பி தடிப்பாகத் தொடங்கும் இடம் அச்சின் நுனியோடு மட்டமாக நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடிப்பில்லாத ஓர் இடம் வரும். எழும்பி நின்று மிதிக்கும்போது அது வந்தால் பாரில் அடிபடுவீர்கள்.

பிறேக்கும் ஹாண்டிலும்

மற்றதெல்லாம் பிழைத்தால் நடந்து வீட்டுக்கு வரலாம். இவை இரண்டும் பிழைக்கக்கூடாது.

பழைய சைக்கிள்களின் குரோம் ரிம் வெயிலில் நல்லது. மழையில் பிறேக் பிடித்தால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ஒன்றும் நடக்காது, பிறகுதான் பிடிக்கும். இந்த நாட்டில் மழை என்ன புதினமா? புதுக் கட்டை போடலாம், தூரத்திலேயே பிறேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளப் பழகலாம். தினமும் ஓடுகிறவர்கள் முன்சில்லையாவது அலுமினிய ரிம்முக்கு மாற்றுவது நல்லது. கட்டை ரிம்மில் மட்டும் படவேண்டும், ரயரில் உரசக்கூடாது. கட்டையின் இரும்புக் கூடு ஒரு பக்கம் திறந்திருந்தால் அந்தத் திறந்த பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். மாறிப் போட்டால் பிறேக் பிடிக்கும்போது கட்டை முன்னால் வழுக்கி வெளியே போய்விடும்.

இனி என் பிழை. பதினான்கு வருடங்களுக்கு முன், மகனுக்குப் பதினொரு வயது. ஆள் உயர்ந்துவிட்டான் என்று அவனுடைய சைக்கிளின் ஹாண்டிலை உயர்த்தினேன். மேலே உள்ள நீண்ட ஆணியைத் தளர்த்தி, தலையில் ஒரு பலகைத் துண்டு வைத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விழும், பிறகு ஹாண்டில் வரும். உயர்த்தி, கையால் ஆணியைத் திருப்பிவிட்டு, ஸ்பனரை எடுக்கப் போனபோது ஒரு வாடிக்கையாளர் வற் கணக்கு விடயமாகத் தொலைபேசி எடுத்தார். இருபது நிமிடம் கதைத்தேன். வந்து பார்த்தபோது மகனும் இல்லை, சைக்கிளும் இல்லை. தெருமுனையில் திரும்பியபோது ஹாண்டில் திரும்பியிருக்கிறது, சில்லு திரும்பவில்லை. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தான். ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தாய் என்று கேட்டபோது, "நான்தான் வேகமா வந்தனான்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்கள் இறுக்கினீங்கள்தானே?" என்று தமிழில் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

ஆகவே ஹாண்டிலைத் தொட்டால், முன்சில்லை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைப் பலமாகத் திருப்பிப் பாருங்கள். அசையக்கூடாது. தண்டில் ஆகக்குறைந்த ஆழத்துக்கு ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியக்கூடாது. பிறகு முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், டக் டக் என்றால் ஹாண்டில் குண்டுகள் தளர்வு. சில்லு நட்டுகள், பிறேக் கேபிள் நுனி. இவ்வளவுக்கும் மூன்று நிமிடம். வேலையின் நடுவில் எழும்பிப் போவதானால் சைக்கிளைத் தலைகீழாக விட்டுவிட்டுப் போகிறேன். தலைகீழாக நிற்பது முடியவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே சட்டப்படி இரண்டு பிறேக் வேண்டும். பொழுது பட்டால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்புத் தெறிப்பான். 1985 ஒக்ரோபருக்குப் பின் செய்த சைக்கிள்களுக்குப் பெடலிலும் மஞ்சள் தெறிப்பான் வேண்டும்.

சாப்பாடு கொண்டுபோகும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. மின்சைக்கிளின் பற்றரியை வீட்டில் திறக்காதீர்கள், மலிவான மாற்றுச் சாஜர் பாவிக்காதீர்கள், படுக்கும் அறையிலோ கதவடியிலோ சாஜ் போடாதீர்கள். அது தீப்பிடித்தால் வெளியே ஓட நேரம் இராது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: ரயர் இரண்டு 32 பவுண், ரியூப் 10, பிறேக் கட்டை 8, கேபிள்கள் 9, கொட்டர் பின் 5, செயின் 9, கிறீஸும் எண்ணெயும் 10. ஸ்பனர்களை இதில் சேர்க்கவில்லை, அவை அடுத்த சைக்கிளுக்கும் உதவும். குரோமில் இருந்த துருவைச் சமையல் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்தேன், அதைக் குசினிச் செலவில் மனைவி எழுதிவிட்டா.

புதிதாகப் போட்ட கொட்டர் பின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உள்ளே இறங்கும். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் நட்டை ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். என்னுடையது நேற்றோடு நாற்பத்தாறு.