படத்தில் விழுந்த பட்டிகள்

கட்டுகஸ்தோட்டையில் சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்துக்குள் எடுத்த படமெல்லாம் கறுப்புப் பட்டி. கமரா சென்சர் போயிட்டுது என்றே நினைத்தேன். வெளியே மகாவலிக் கரையில் எடுத்தால் ஒரு பட்டியும் இல்லை!

அப்போ பிழை எங்கே? நம்ம மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கி எழும். 1990களில் நாசாவில் எரிக் ஃபொசம் குழு வளர்த்தெடுத்த சீமோஸ் சென்சர் வகைதான் இன்று பெரும்பாலான கமராக்களில். அது வரிவரியாக வாசிக்கும். மங்கும்போது வாசித்த வரிகளே பட்டி. ஷட்டரை 1/1000இலிருந்து 1/50க்கு இறக்கினேன். பட்டி போச்சு.

கதை பழசு. முதலாம் உலகப்போருக்கு முன்பே, பிரான்சில் லார்டீக் எடுத்த ரேஸ் கார் படத்தில் சக்கரம் சாய்ந்த முட்டை மாதிரி. அங்கேயும் ஷட்டரின் இடுக்கு நகர்ந்து நகர்ந்துதான் படத்தைப் பதிந்தது.

வரலாற்றுக்குப் படத்தைச் சாட்சியாக வைக்கிறோம். அந்தச் சாட்சியும் ஒரே கணத்தில் பார்த்ததில்லை.