சிவகாசி சினிமா சுவரொட்டிகள்

விருதுநகர் மாவட்டம் சிவகாசியின் அச்சகங்களில் திரைப்பட விளம்பரத்துக்காக அச்சிடப்பட்ட வண்ணத் தாள்கள் சிவகாசி சினிமா சுவரொட்டிகள் எனப்படுகின்றன. படம் தியேட்டரைவிட்டுப் போனதும் கிழிந்து போகவேண்டியவை என்ற எண்ணத்தில்தான் இவை அச்சாயின. இன்று சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைகிறார்கள். சென்னை அச்சகங்களிலும் ஏராளமான சுவரொட்டிகள் அச்சாகியிருப்பதால், சிவகாசித் தாளைத் தனி வகையாகப் பார்க்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் முழுதாக வேரூன்றவில்லை. அப்படிப் பார்ப்பதற்கு இந்த ஊரின் அச்சு வரலாற்றில் போதிய காரணம் இருக்கிறது.

ஊருக்கு அச்சுத்தொழிலைக் கொண்டுவந்தது தீப்பெட்டி. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ இயந்திரம் வேண்டும். இயந்திரம் வந்தபின் அதைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. பட்டாசு உறை, நாட்காட்டி, சாமி படம், சினிமா சுவரொட்டி என்று வேலை பெருகியது. வெடிமருந்து உலர ஏற்ற வறண்ட காற்று, அச்சுமை காயவும் தாள் ஈரம் ஏறாமல் இருக்கவும் அதேபோல் உதவியது.

கண்ணைப் பறிக்கும் வண்ணமும் இந்தப் பக்கத்து நாட்காட்டிக் கலையோடு உறவுடையது. சிவகாசிக்கு அருகே கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவர்களை நிறைத்தன. முருகனின் கன்னத்தில் ஏறிய ரோஜா நிறம் கதாநாயகனின் கன்னத்திலும் ஏறியதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

இதைக் கறுப்பு வெள்ளைப் படங்களின் சுவரொட்டிகளில் நன்றாகப் பார்க்கலாம். ஓவியர் கையில் இருந்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நாயகியின் சேலை பச்சையா சிவப்பா என்பதை அவரே முடிவுசெய்தார். அதன்பிறகு வண்ணத்துக்கு ஒரு தகடாகப் பிரித்து எழுதவேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் இயந்திரத்தில் ஏறி இறங்கும். ஒரு தகடு இம்மி விலகினாலும் உதட்டுச் சிவப்பு தாடையில் விழும். அப்படி விலகிய தாள்களும் வீணாகாமல் சுவருக்குப் போயிருக்கின்றன. ஆக, பார்வையாளர் திரையில் காணாத நிறத்தைச் சுவரில்தான் கண்டார். எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958) போலப் பாதியில் வண்ணத்துக்கு மாறும் படமென்றால் சுவரொட்டி பொய் சொல்லத் தேவையில்லை.

ஒரு ஷீட் என்பது பொதுவாக 30 × 40 அங்குலம். பெரிய சுவரொட்டிகளைப் பல தாள்களாக அச்சிட்டு, சுவரில் இணைத்து ஒட்டுவார்கள். விநியோகஸ்தர் அனுப்பும்போது மடித்தே அனுப்புவார் என்பதால், மடிப்புக் கோடு பழைய தாளுக்குக் குறையாகாது. ஒட்டியது திரும்பி வராது. மைதாப் பசைக்காக மாடும் ஆடும் தின்றது போக, மிச்சத்தை மழை கரைத்தது. அதன்மேல் அடுத்த வெள்ளிக்கிழமைப் படம் ஏறியது. ஒட்டாமல் மிஞ்சிய கட்டுகளோ எடைக்குப் போயின. கையில் கிடைப்பவை பெரும்பாலும் தியேட்டர் அறையிலோ விநியோக அலுவலகத்திலோ மறந்துபோனவை.

காலம் கண்டறிவதுதான் சேகரிப்பின் கடினமான பகுதி. வெற்றிப் படங்கள் பலமுறை மறுவெளியீடு கண்டன. ஒவ்வொரு முறையும் புதுச் சுவரொட்டி அச்சானது. தமிழ்ச் சுவரொட்டிக்கு உதவும் ஒரு சோதனை எழுத்துச் சீர்திருத்தம். 1978-ல் தமிழக அரசு ஏற்ற மாற்றத்துக்கு முன், ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கைபோல் வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965), ‘திருவிளையாடல்’ (1965) ஆகியவற்றின் தலைப்பில் ளை இன்றைய வடிவில் இருந்தால், அது முதல் வெளியீட்டுத் தாளா என்று சந்தேகப்படுவது நியாயம். மறுபக்கம் இந்தச் சோதனை அவ்வளவு உறுதியானதல்ல: கைப்பழக்கம் விடாத ஓவியர்கள் 1978-க்குப் பிறகும் பழைய கொம்பையே போட்டார்கள், பழைய தலைப்பை அப்படியே படியெடுத்ததும் உண்டு.

அடுத்து பூதக்கண்ணாடி. கையால் எழுதிய லித்தோவில் மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற துகள்கள் தெரியும். ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகப் பெயரும் ஊரும் இருக்கும். சட்டம் போடுபவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்த ஓரத்தைத்தான். அதோடு தாளின் பிறப்புச் சான்றும் போய்விடுகிறது.

சில படங்களுக்குத் தனிக் கதை உண்டு. 1973-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானபோது சென்னையில் சுவரொட்டிகளுக்கான வரி உயர்த்தப்பட, சுவரொட்டிக்குப் பதில் ஸ்டிக்கர்கள் மூலம் விளம்பரம் நடந்தது. ஆகவே அதன் ‘முதல் வெளியீட்டுச் சென்னைச் சுவரொட்டி’ என்று யாராவது நீட்டினால் விலை பேசுவதற்கு முன் யோசிக்கவேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) போன்றவற்றுக்குப் படச்சுருளே எஞ்சவில்லை. விளம்பரமும் பாட்டுப் புத்தகமும் புகைப்படமும்தான் சாட்சி.

பொதுச் சேகரங்களில் முதன்மையானது சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதற்கு வித்திட்ட கோட்டையூர் முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர் என்பதால், நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் குப்பையாகக் கருதாத கண் அவருக்கு வாய்த்திருந்தது. 2016-ல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த திரைப்பட ஆவணங்களைத் தமிழக அரசு வாங்கிக்கொண்டது. புனேயில் 1964-ல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் சுவரொட்டிகள் உள்ளன.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வீட்டில் நடக்கும் பெரிய கேடு லேமினேஷன். ஒருமுறை ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து சேதமில்லாமல் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். செல்லோடேப்பும் சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாகிவிடும். கிழிசலைக் கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு பின்புறம் ஒட்டி, அமிலமற்ற தாளின் நடுவே மடிக்காமல் கிடத்தி வைப்பதே காப்பகங்களின் முறை.