மேகத்துக்குள் வழி சொல்லும் மீட்டர்கள்

எங்க ஊர் கொல்லங்கோட்டில் தெற்கே திரும்பினால் நெல்லியாம்பதி மலை. எடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் மலையே காணாமல் போய்விடும், வெறும் மேகம்தான். "இதுக்குள்ள பிளேன் வந்தா மலை இருக்கறது எப்படிப்பா தெரியும்?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "அதுக்குத்தான் முன்னால அத்தனை மீட்டர் வெச்சிருக்கான்" என்றார் அப்பா. அந்த மீட்டர்களின் கதைதான் இது.

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலோடு ஆமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுபோனார். ரேடியோ கிடையாது. கண்ணுக்குத் தரை தெரிந்தால்தான் பயணம்.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும்? விமானம் மெல்லச் சாய்ந்தாலும் உடம்புக்கு நேராகப் போவது போலவே தோன்றும். நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பே நம்மை ஏமாற்றிவிடும். இதற்கு விடை கண்டவர் அமெரிக்கர் ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24 அன்று மூடிய காக்பிட்டில் உட்கார்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து ஏறி, பறந்து, இறங்கிக் காட்டினார். சுழலும் பம்பரம் தன் நிலையை விடாது என்பதுதான் அதில் முக்கியக் கருவியான ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானத்தின் சூட்சுமம்.

பல பத்தாண்டுகள் சின்ன விமானங்களில் இந்தப் பம்பரம்தான். அதைச் சுழற்றும் பம்ப் நடுவானில் நின்றால் மீட்டர் மெதுவாகச் சாய்ந்து பொய் சொல்லும். 1998-ல் கார்மின் நிறுவனத்தின் ஜிஎன்எஸ் 430 வந்தது. ஜிபிஎஸ், வரைபடம், ரேடியோ எல்லாம் ஒரே பெட்டியில். 2004-ல் அதே நிறுவனத்தின் ஜி1000. பம்பரத்துக்குப் பதில் எலெக்ட்ரானிக் சென்சார், வட்ட மீட்டர்களுக்குப் பதில் இரண்டு திரைகள்.

அப்படியானால் விபத்து குறைந்திருக்க வேண்டுமே? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்ன விமானங்களை ஆராய்ந்து 2010-ல் அறிக்கை வெளியிட்டது. திரை வைத்த விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகம்! அந்தந்தக் கருவிக்கான பயிற்சி தேவை என்று வாரியம் வலியுறுத்தியது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வங்கியில் லெட்ஜர் போய் கணினி வந்தபோது நான் பார்த்தது இதைத்தான். கூட்டல் பிழை ஒழிந்தது. ஆனால் திரை சொன்னதை அப்படியே நம்பி, தப்பான கணக்கில் பணம் போட்டவர்களும் உண்டு (நானும்தான்!).

நம் பிள்ளைகளில் சிலர் இங்கே வார இறுதியில் பறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். விமானத்தில் எத்தனை திரை என்று கேட்டுப் பெருமைப்படலாம், தப்பில்லை. கூடவே, "அந்தத் திரை அணைந்துபோனால் என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றும் கேளுங்கள். மீட்டரை மாற்றப் பணம் போதும். ஓட்டுகிறவர் மாற நாளாகும்.