கட்டத்தை அளத்தல்: நெட்வொர்க் அனலைசர் ஹாம்களின் மேசைக்கு வந்த வரலாறு

ஆக்லாந்தின் தென்பகுதியான பாபடோயிட்டோயில் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியாளர், தன் வீட்டுக் கொல்லையில் 40 மீட்டர் அலைவரிசைக்கு இருமுனை ஆன்டெனா கட்டினால் ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி வேண்டும். அருகிலுள்ள மரமும் தகரக் கூரையும் அதன் ஒத்ததிர்வை நகர்த்திவிடும். எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகித) மீட்டர் பொருத்தமின்மையைக் காட்டும். ஆனால் கம்பி நீளமா, குட்டையா என்பதை ஓர் அளவிலிருந்து சொல்லாது. அதற்குத் திரும்பிவரும் அலையின் வீச்சோடு கட்டமும் (phase) தெரிய வேண்டும். இரண்டையும் அளப்பதுதான் நெட்வொர்க் அனலைசர். மலிவான அனலைசரின் வரலாறு, என் பார்வையில், கட்டத்தை மலிவாக அளக்கக் கற்ற வரலாறுதான்.

1924 அக்டோபர் 18 அன்று ஒட்டாகோவின் ஷாக் பள்ளத்தாக்கிலிருந்து நியூசிலாந்து ஹாம் பிராங்க் பெல் லண்டனின் மில் ஹில் பள்ளியோடு இருவழித் தொடர்பு கொண்டபோது இத்தகைய கருவியே இல்லை. திரும்பிவரும் அலையின் வீச்சையும் கட்டத்தையும் ஒரே புள்ளியாகக் காட்டும் பிலிப் ஸ்மித்தின் வரைபடம் 1939இல் வெளிவந்தது. அதில் புள்ளிகளைத் தானே இடும் ஹியூலெட் பேக்கார்டின் 8410 (1967), 8510 (1984) போன்ற கருவிகளைப் பெரிய ஆய்வகங்களே வாங்க முடிந்தது.

ஹாம்களின் முயற்சி இந்த நூற்றாண்டில் சூடுபிடித்தது. பால் கிசியாக்கின் என்2பிகே வடிவமைப்பு 60 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தது. தாமஸ் பையரின் விஎன்டபிள்யூஏ 1.3 கிகாஹெர்ட்ஸை எட்டியது. இரண்டுக்கும் பக்கத்தில் கணினி வேண்டும்.

ஐதராபாத்தின் அஷ்ஹர் பர்ஹான் வேறு வழியில் போனார். அவருடைய ஆன்டுயினோவில் ஆர்டுயினோ நானோ, எஸ்ஐ5351 கடிகாரச் சில்லு, ஏடி8307 மடக்கை உணரி ஆகியவை உள்ளன. அது வீச்சை மட்டுமே அளக்கும். ஆனால் வடிகட்டியைச் சீராக்கவும் ஆன்டெனாவின் ஒத்ததிர்வைத் தேடவும் அது போதும். நம் ஊர்க் கைவினைஞருக்கு எட்டும் விலையில் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே எஸ்ஐ5351 சில்லோடு கட்டத்தையும் பிடித்தவர், எடி555 என்ற பெயரில் இயங்கும் ஜப்பானிய ஹாம். அவருடைய நானோவிஎன்ஏவில் சில்லு சில கிலோஹெர்ட்ஸ் மட்டுமே வேறுபடும் இரண்டு அதிர்வெண்களை உண்டாக்குகிறது. மூன்று எஸ்ஏ612 கலப்பிகள் அவற்றைக் கலந்து, உயர் அதிர்வெண் குறிப்பலையை ஒலி அதிர்வெண்ணுக்கு இறக்குகின்றன. கீழே இறங்கினாலும் கட்ட வேறுபாடு கெடுவதில்லை. மிச்சத்தை ஒலிக் கருவிகளுக்கென வந்த ஒரு சாதாரண கோடெக் எண்ணாக்கிவிடுகிறது. விலையைச் சரித்தது இந்த உத்திதான். எடி555 வடிவமைப்பைத் திறந்தே வைத்தார். 2019 வாக்கில் சீனாவின் ஹுகன் அதை மேம்படுத்த, சுமார் 50 அமெரிக்க டாலருக்குக் கருவி கிடைத்தது.

ஒரு குறையும் உண்டு. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சில்லின் ஒற்றைப்படை மடங்கு அலைகளையே நம்ப வேண்டியிருப்பதால் நுண்மை குறைகிறது. மலிவான நகல்கள் சிலவற்றில் உலோகக் காப்பு மூடிகூட இல்லை.

ஆகவே சிற்றலைக்கும் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கும் காப்பு மூடியுள்ள நானோவிஎன்ஏ ஹெச்4 வாங்கினால் போதும். மேலே போகிறவர்கள் யான் கெபெரிஷின் 6 கிகாஹெர்ட்ஸ் லிப்ரேவிஎன்ஏவைப் பார்க்கலாம். அதன் வடிவமைப்பும் திறந்ததே. கையால் கட்ட விரும்புகிறவர் ஆன்டுயினோவிலிருந்து தொடங்கட்டும். எதை வாங்கினாலும், கேபிளின் நுனியில் திறப்பு, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை மூன்றையும் மாட்டி அளவு திருத்தம் செய்யாமல் திரையில் தெரியும் எண்ணை நம்பிக் கம்பியை வெட்டாதீர்கள்.