ஏழூர்த் துருத்தியிலிருந்து பெரம்பலூர் கம்ப்ரசர் வரை

குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் பாட்டொன்றில் ஒரு கொல்லன் உலை வருகிறது. ஏழு ஊருக்கும் சேர்த்து ஓர் ஊரில் இருக்கும் உலை அது. காலால் மிதித்து ஊதும் அதன் தோல் துருத்திக்கு ஓய்வே இல்லை. பிரிவில் வாடும் நெஞ்சுக்கு அந்தத் துருத்தியை உவமை சொன்னார் புலவர். இன்று கோடையில் பெரம்பலூர்ப் பக்கம் போனால், டிராக்டரில் ஏற்றிய கம்ப்ரசர் ஒன்று ஊர் ஊராகப் போய்க் கிணற்றுப் பாறையில் குழி போட்டுக்கொண்டிருக்கும். அதுவும் பல ஊருக்குப் பொது, அதற்கும் ஓய்வில்லை. ஆனால் துருத்தி கம்ப்ரசராகி நம் ஊருக்கு வந்து சேர உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்றொரு நாவிதர் மகன் இருந்தார். அப்பாவின் கடைக் கண்ணாடியை ஏற்றி இறக்க, ஈயக்குண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் விட்டார். குண்டு இறங்கும்போதெல்லாம் குழாயில் அடைபட்ட காற்று சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு வெளியேறியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனவர் உருளைக்குள் பிஸ்டன் ஓடும் பம்பு வரை வந்துவிட்டார். சீனக் கொல்லர்களோ மரப்பெட்டிக்குள் பிஸ்டனை வைத்து, தள்ளினாலும் இழுத்தாலும் காற்று வரும்படி செய்துகொண்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே தொல்லை, ஒழுக்கு. உருளை உண்மையிலேயே வட்டமாக இருந்தால்தான் காற்று நிற்கும். அந்த வட்டம் பீரங்கிப் பட்டறையிலிருந்து வந்தது. 1774-இல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழல் குடைய ஒரு இயந்திரம் செய்தார். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினுக்குச் சரியான உருளை கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த நேரம் அது. வில்கின்சன் அதையும் குடைந்து கொடுத்தார். கைம்மாறு போல, 1776-இல் வாட்டின் முதல் எஞ்சின்களில் ஒன்று அவருடைய இரும்பு உலைக்குக் காற்று ஊதப் போனது. துருத்தியை மிதிக்கும் காலுக்கு விடுதலை வந்தது இப்படித்தான்.

அடுத்த தாவல் ஆல்ப்ஸ் மலையில். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் சுரங்கத்தை 1857-இல் குடையத் தொடங்கினார்கள். உள்ளே நீராவி எஞ்சின் வைத்தால் புகையிலேயே ஆள் செத்துப்போவான். பொறியாளர் ஜெர்மேன் சொமெய்யே வெளியே காற்றை அழுத்தி, குழாய் வழியே உள்ளே அனுப்பித் துளைக்கருவிகளை ஓட்டினார். வேலை செய்த காற்றே மூச்சுக்கும் ஆனது. சுரங்கம் 1871-இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அந்த வேலையைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அமெரிக்க இளைஞர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், அவ்வளவு தூரம் போகும் காற்று ரயில் பெட்டிகளின் கடைசி வரை போகாதா என்று யோசித்தார். 1869-இல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸ்காரர்கள் இன்னும் துணிந்து ஊர்க் கடிகாரங்களையே காற்றுக் குழாயால் ஓட்டினார்கள். 1910 வெள்ளத்தில் அவை நின்றுபோயின.

இந்தியாவில் 1958-இல் புனேயில் கிர்லோஸ்கர் நியூமேட்டிக் வந்தது. 1960-இல் கோயம்புத்தூரில் எல்ஜி எக்விப்மென்ட்ஸ், பஸ், லாரிப் பட்டறைகளுக்கான சாமான்களோடு தொடங்கியது. நம் பக்கம் கம்ப்ரசரின் வேலை ஊருக்கு ஊர் மாறும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஒருகாலத்தில் கடலடி. அந்தக் கல் சிமென்ட்டாகி பல்கர் லாரியில் போய்ச் சேர்ந்தபின், தூளை இறக்குவதும் கம்ப்ரசர் காற்றுதான். பெரம்பலூரில் கதை வேறு. அங்கே கடும்பாறை, தண்ணீர் ஆழத்தில். போர்க்குழிக்குள் காற்றுக் குழாயை இறக்கி ஊதினால், குமிழி கலந்த தண்ணீர் கனம் குறைந்து மேலே ஏறும். 1797-இல் ஜெர்மனியின் கார்ல் லோஷர் சுரங்கத் தண்ணீருக்குச் சொன்ன வழி இது. மின்சாரத்தை விழுங்கும் முறைதான். ஆனால் 1990-இல் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசமான பிறகு அந்தக் கணக்கை யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குழிக்குள் தேயும் பாகமே இல்லை என்பது பெரிய ஆறுதல்.

சப்மெர்சிபிள் வந்த இடத்திலும், போர் வற்றிய இடத்திலும் விடைபெற்ற கம்ப்ரசர்கள் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. வீட்டுப் பட்டறைக்கு அவற்றில் ஒன்றை வாங்குவது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். வார்ப்பிரும்பு ஹெட் சீக்கிரம் சாகாது. திறந்து பார்த்தால் வால்வு பிளேட்டில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். காற்றை உள்ளே விட்டு, வெளியே விடாமல் மூடிக்கொள்வது அதன் வேலை. துருத்தி வாயின் தோல் மடிப்பு செய்த அதே வேலை. அதில் கரி படிந்திருந்தால் சுரண்டி, தகடு வளைந்திருந்தால் மாற்ற வேண்டும். ரிங் தேய்ந்திருந்தால் காற்றோடு எண்ணெயும் வரும். தோட்டத்தில் ஓடிய மோட்டார் பெரும்பாலும் த்ரீ பேஸ். வீட்டுக்கு சிங்கிள் பேஸ் 2 எச்.பி. மோட்டார் போட்டு, மோட்டார் புல்லியைச் சிறிதாக்கினால் ஹெட் நிதானமாக ஓடும், மோட்டாரும் திணறாது.

பயப்பட வேண்டியது டேங்குக்குத்தான். அழுத்திய காற்று ஆறும்போது ஈரம் நீராகி அடியில் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். டிரெயின் காக்கைத் திறந்தால் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் கொட்டும். அப்படிப்பட்ட டேங்கில் காற்று ஏற்றிப் பார்க்கவே கூடாது, வெடித்தால் தகடு பறக்கும். அதை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, காற்று துளியும் தங்காமல் வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். 10 கிலோ டேங்குக்கு 15 கிலோ. தண்ணீர் அழுந்தாது என்பதால், பிளந்தாலும் ஒழுகுவதோடு போகும். கேஜ் முள் இறங்கினாலோ, அடித்தகட்டில் ஒரு சொட்டு வியர்த்தாலோ அந்த டேங்க் கடைக்கே திரும்பட்டும். வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவதை எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹெட்டைக் கழற்றி, சோதித்த புது டேங்கின் மேல் உட்கார வைத்து, பழைய சேஃப்டி வால்வையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள்.